எப்போது ஈனுவது, எதுவரை காப்பது: கடலூர்க் கரையின் முதுகெலும்பில்லா உயிர்கள்

பரங்கிப்பேட்டையை ஒட்டிய அன்னங்கோவில் இறங்குதளத்தில் வலையிலிருந்து நண்டைப் பிரிப்பவர்கள் பெண் நண்டை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். வயிற்றுமடலுக்கு வெளியே முட்டைத் திரள் பிதுங்கி நின்றால் அது சினை நண்டு. திரள் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் முட்டை வெளிவந்து சில நாள்தான் ஆகிறது. பழுப்பு என்றால் பாதி வழி. கருஞ்சாம்பலாகிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் குஞ்சு வெளியேறிவிடும். உள்ளே கரு மஞ்சள்கருவைத் தின்று தீர்க்கிறது, குஞ்சின் கண்ணில் கருநிறம் ஏறுகிறது. நிறம் மாறுவது அதனால்தான்.

அந்த நிறத்துக்குப் பின்னால் தாய் நண்டு வரிசையாக எடுத்த முடிவுகள் இருக்கின்றன. எந்த ஆணோடு சேர்வது, சேர்ந்த பிறகு எத்தனை வாரம் விந்தைச் சேமித்து வைப்பது, எங்கே போய் முட்டையை வெளிவிடுவது, வெளிவிட்டதைச் சுமப்பதா உதிர்ப்பதா என்று ஒவ்வொன்றிலும் அதற்கு வேறு வழியும் இருந்தது. நண்டு யோசிக்கிறதா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தண்ணீரின் வெப்பத்தையோ ஆக்சிஜனையோ அடிமணலையோ மாற்றிப் பார்த்தால் அதன் நடத்தை மாறுகிறது. எதை மாற்றினால் எது மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த உயிர் எதை அளந்து முடிவெடுக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அளப்பவை மிகக் கொஞ்சம்தான். முதுகெலும்பில்லா உயிர்கள் நிலைமையை முழுதாக எடைபோடுவதில்லை. எளிதில் அளக்கக் கூடிய ஒன்றிரண்டு அடையாளங்களை எடுத்துக்கொண்டு, அவை சொல்வதை நம்பி இறங்குகின்றன. பிறந்த சூழலில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். சூழலை யாராவது மாற்றினால், அது மனிதனோ ஒட்டுண்ணியோ யாராக இருந்தாலும், அதே விதி தப்பான விடையைக் கொடுக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இறால் ஹேச்சரி என்னும் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர்களும் கரும்பு விவசாயிகளும் தினமும் கை வைப்பது இந்த அடையாளங்களின் மேல்தான்.

நகர முடியாத உயிர்களுக்கு முடிவும் குறைவு. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் ஆளிகளுக்கு இணை தேடும் வேலையே இல்லை, குஞ்சைக் காக்கும் வேலையும் இல்லை. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. எப்போது விடுவது என்பது ஒன்றுதான் கேள்வி. தண்ணீரின் வெப்பம், உப்பளவு இவற்றின் மாற்றம் ஒரு கூட்டத்தைத் தூண்டுகிறது. முதலில் விட்டதன் வாசனை பக்கத்தில் இருப்பதையும் தூண்டுகிறது. தனியாக விட்டால் அத்தனையும் வீண் என்பதால் அண்டை அயலைப் பார்த்து விடுவதே புத்தி. இவற்றில் பல சிறிதாக இருக்கும்போது ஆணாகவும், வளர்ந்து உடலில் சேமிப்பு கூடியதும் பெண்ணாகவும் இருக்கும். விந்து மலிவு, முட்டைக்குச் செலவு அதிகம்.

குஞ்சைக் காப்பதில்லை என்ற அளவில் இறாலும் அப்படித்தான். முட்டையை விட்டதும் தாய்க்கு வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வளர்ப்பு இனமான வனாமி இறால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1 முதல் 2.5 லட்சம் முட்டை விடும். 28 டிகிரி வெப்பத்தில் அரை நாள் சுமாருக்குள் அவை பொரிந்துவிடும். காப்பு எதுவும் கிடையாது. ஆனால் முட்டையை விடுவதற்கு முன்னால் அது காட்டும் தயக்கம் சாதாரணமல்ல. மரக்காணம் முதல் கடலூர் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஹேச்சரிகளின் பிழைப்பே அந்தத் தயக்கத்தை எப்படி உடைப்பது என்பதில்தான் இருக்கிறது.

தயக்கத்தின் இருப்பிடம் கண் காம்பு. காம்புக்குள் எக்ஸ் உறுப்பு, சைனஸ் சுரப்பி என இரண்டும் சேர்ந்த ஓர் அமைப்பு இருக்கிறது. சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அங்கிருந்து ஓயாமல் சுரக்கிறது. வெளிச்சம், ஆழம், வெப்பம், உப்பு, தீனி எல்லாம் சாதகமாக இருந்தால் சுரப்பு தளரும். தொட்டியில் இவை எல்லாம் ஒருங்கே அமைவது கடினம், அதனால் தடை விலகாது. குறிப்பாக வரி இறால் (டைகர் இறால்) தொட்டிக்குள் தானாக முதிர்வது அரிது. 1943இல் பிரெஞ்சு உயிரியலாளர் பனூஸ் வேறொரு இறாலின் கண் காம்பை நீக்கியபோது சினைப்பை பருத்ததைக் கண்டார். அதை அப்படியே தொழிலாக்கியதுதான் இன்றைய முறை: ஒரு பக்கக் காம்பை மட்டும் நசுக்கியோ, கட்டியோ, சூடிட்டோ நீக்குவது. தீனியும் தண்ணீரும் சரியாக இருந்தால் சில நாள்களிலேயே ஓட்டுக்குள் சினை தெரியத் தொடங்கும்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் நாள் பார்க்காமல் செய்வதால். ஓடு உரித்த உடனே காம்பை எடுத்தால் இரத்தநீர் வடிந்து தாய் இறால் சாகும். ஓடு உரிக்கப் போகும் தறுவாயில் எடுத்தால், சினை பிடிப்பதற்குப் பதில் இறால் ஓட்டை உரித்துவிடும். காரணம், ஓடு உரிப்பைத் தடுக்கும் ஹார்மோனும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இரண்டு தடையும் ஒன்றாக விலகும்போது உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இரண்டு உரிப்புக்கு நடுவில், ஓடு நன்றாக இறுகியிருக்கும்போது எடுத்தால்தான் சினைப்பை வளரும். வளரவும் சேமிக்கவும் ஈனவும் ஒரே உடலில் ஒரே கையிருப்பு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இன்னொரு வேறுபாட்டைக் கவனிக்காமல் வரி இறாலிலிருந்து வனாமிக்கு மாறியவர்கள் முதலில் திணறினார்கள். வரி இறாலின் பெண்ணுக்கு விந்துப்பொதியை உள்ளே பூட்டி வைக்கும் அமைப்பு உண்டு. ஓடு உரித்து உடல் மென்மையாக இருக்கும்போது ஆணோடு சேரும், பிறகு சாவகாசமாகச் சினை முதிரும்போது அந்த விந்தைப் பயன்படுத்தும். அடுத்த உரிப்பில் ஓட்டோடு விந்தும் போய்விடும். வனாமிக்கு அந்தப் பூட்டு இல்லை. சினை முழுதாக முதிர்ந்த பெண்ணோடு மட்டும், முட்டை விடுவதற்குச் சில மணி நேரம் முன்னால் ஆண் சேர்ந்து விந்துப்பொதியை வெளியே ஒட்டிவிடும். கைபட்டால் அது கழன்று விழும். அதனால்தான் வனாமி தொட்டியில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அந்தி வெளிச்சம் நம் வசதிக்கு ஏற்ற நேரத்தில் மங்க வேண்டும், விந்துப்பொதி ஒட்டிய பெண்ணை மட்டும் அசங்காமல் எடுத்து முட்டைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வனாமியை இந்தியாவில் வளர்க்க 2009இல் அனுமதி கிடைத்தது. தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்த பிறகே ஹேச்சரிக்குக் கொடுக்கிறார்கள். அப்படி வரும் விலையுயர்ந்த தாயை நாள் பார்க்காமல் கண் எடுத்துச் சாகடிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

கண் எடுத்த தாய் தன் கையிருப்பைப் பார்க்காமல் ஈனும், ஏனென்றால் கையிருப்பை எடைபோட்டு நிறுத்தும் உறுப்பில் பாதியை நாம் எடுத்துவிட்டோம். அடுத்தடுத்து முட்டை விடும், ஆனால் சில மாதங்களில் பொரிப்பும் குஞ்சின் தரமும் இறங்கும். கணவாய், ஆளி, பாலிகீட் புழு என்று கொழுப்பு மிகுந்த தீனியை ஒரு நாளில் பல தடவை போடுவது அந்தச் சரிவைத் தள்ளிப்போடத்தான். காம்பை எடுக்காமலே வனாமியை முதிரவைக்கும் ஹேச்சரிகளும் இப்போது உலகில் உண்டு. முட்டையிடும் பெண்கள் ஒரு நாளில் குறைவாகக் கிடைப்பார்கள், அதற்கு ஈடாகத் தாய் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இறாலின் கண்ணருகே இருப்பது பிரேக் என்றால், பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) கண்ணருகே இருப்பது ஆக்ஸிலேட்டர். பாறையிடுக்கில் முட்டைக் கொத்துகளைத் தொங்கவிட்ட பிறகு தாய்ப் பேய்க்கணவாய் தீனியை விடுகிறது. முட்டைமேல் தண்ணீரைப் பீய்ச்சி, அழுக்கைத் துடைத்து, குஞ்சு வெளியேறும்வரை இருந்துவிட்டு இறந்துபோகிறது. 1977இல் வோடின்ஸ்கி என்பவர், முட்டையிட்ட தாயின் மூளைக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள பார்வைச் சுரப்பிகள் இரண்டையும் அகற்றினார். தாய் முட்டையைக் கைவிட்டது, மறுபடி தின்றது, எடை கூடியது, கூடுதல் காலம் வாழ்ந்தது. தியாகம் என்று நாம் மெச்சும் அந்தப் பட்டினி ஒரு சுரப்பியின் ஏவல். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஈனப் போகிறோம் என்றால் எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லை என்பதே அதன் பின்னால் உள்ள கணக்கு. ஆழ்கடலில் இந்தக் கணக்கு நம்ப முடியாத அளவுக்கு நீளும்: கலிபோர்னியாவின் மான்டரே பள்ளத்தாக்கில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு தாய் 53 மாதம் முட்டையைக் காத்தது 2007 முதல் 2011 வரை பதிவானது.

நண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லட்சக்கணக்கில் ஈனும், ஆனால் பொரியும்வரை சுமக்கும், பிறகு மறுபடியும் ஈனும். நீல நண்டில் சேர்க்கை பெண் ஓடு உரித்த கையோடு நடக்கும். உரிக்கப் போகும் பெண்ணின் சிறுநீரில் வரும் வாசனையை ஆண் முகர்ந்து, சில நாள் முன்னாலேயே அதைத் தன் அடியில் அணைத்துச் சுமந்து திரியும். காவலும் அதுவே, இடம்பிடிப்பும் அதுவே. உரிப்பு முடிந்ததும் சேர்க்கை. ஓடு இறுகும்வரை மறுபடி காவல். பெண் பெற்ற விந்தைப் பையில் சேமித்து வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட ஈற்றுக்குப் பயன்படுத்தும். ஆகவே ஆண் இல்லாத தொட்டியில் கிடக்கும் பெண் நண்டு திடீரெனச் சினை தள்ளினால் அதிசயமில்லை.

முட்டையை வெளிவிடும் இடத்தைச் சேற்று நண்டு எப்படித் தேர்கிறது என்பது வளர்ப்பவர்களுக்குப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். பிச்சாவரம் சுரபுன்னைக் கால்வாய்களில் வளரும் இந்த நண்டின் பெண், சினை முதிர்ந்ததும் கடலை நோக்கிப் போய்விடும். அதன் குஞ்சுக்குக் கடல் உப்பு வேண்டும். தாயைப் பிடித்துவந்து வெறும் சிமெண்டுத் தொட்டியில் விட்டால் முட்டை வெளிவரும், ஆனால் பாதிக்கு மேல் தரையில் சிதறிக் கிடக்கும். வயிற்றுமடலை மணலில் அழுத்திப் பதித்து, அந்தக் குழிக்குள் முட்டையை விட்டால்தான் நீந்துகால்களின் மயிர்களில் அது ஒட்டும். சீர்காழி அருகே தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சு உற்பத்தி நடக்கிறது. அங்கே மட்டுமல்ல, எங்கே இதைச் செய்தாலும் தொட்டியில் மணல் தட்டு ஒன்று வைத்தே ஆக வேண்டும். மணல் அழுக்கானால் பூஞ்சை வரும். பூஞ்சை பிடித்த திரளைத் தாயே கொடுக்கால் பிய்த்து உதிர்க்கும், சில சமயம் முழுவதையும். வளர்ப்பவருக்கு அது நட்டம். தாய்க்கோ, அடுத்த ஈற்றுக்கு விந்து கையில் இருக்கும்போது செத்த முட்டையைச் சுமப்பதுதான் நட்டம்.

சுமப்பது சும்மா இருப்பதல்ல. பத்து லட்சம் முட்டையை ஒரே உருண்டையாக அடுக்கினால் நடுவில் இருப்பதற்கு ஆக்சிஜன் போகாது. தாய் வயிற்றுமடலை விரித்து விசிறும், கொடுக்கால் திரளைக் கிளறும். தொடக்கத்தில் கருவுக்குத் தேவை குறைவு, அதனால் விசிறலும் அவ்வப்போதுதான். கரு வளர வளரத் திரளின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் இறங்கும், விசிறல் அடிக்கடி நடக்கும், தாயின் செலவு ஏறும். சூடான தண்ணீரில் இரட்டை அடி: ஆக்சிஜன் குறைவாகக் கரையும், கருவோ அதிகம் கேட்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமில்லாத தொட்டியில் சினை நண்டை வைத்திருப்பவர்கள் தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லை நிறுத்தவே கூடாது. பொரிப்பு நேரத்தை முட்டைகளே தாய்க்கு அறிவிப்பதையும் சில நண்டினங்களில் கண்டிருக்கிறார்கள்: முதலில் உடையும் முட்டைகளிலிருந்து கசியும் சின்னஞ்சிறு புரதத் துணுக்குகள் தாயை வேகவேகமாக மடலை அடிக்க வைக்கும், அந்த அடியில் மற்ற முட்டைகளும் உடைந்து எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் வெளியேறும்.

பிச்சாவரத்துச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு நிற்கும் பிடில் நண்டுகளில் நேரம்தான் எல்லாமே. குஞ்சைப் பெரிய அலையேற்றத்தின்போது, பெரும்பாலும் இரவில் விட்டால், வடியும் நீர் அதைக் கடலுக்கு இழுத்துப் போகும். நாள் தப்பினால் கரையோர மீனுக்கு இரை. வடக்கு ஆஸ்திரேலியாவின் ஒரு பிடில் நண்டில் பெண்கள் இதை, முட்டையோடு தங்கப் போகும் ஆணின் வளையின் அகலத்தால் சரிசெய்வதைக் கண்டார்கள். பருவத்தின் தொடக்கத்தில் சேரும் பெண், அகன்ற வளை வைத்திருக்கும் பெரிய ஆணைத் தேர்கிறது. அகன்ற வளை குளிர்ச்சி, கரு மெதுவாக வளரும், அலை வரும்வரை பொறுக்கும். காலம் கடந்து சேரும் பெண் குறுகலான, சூடான வளையுள்ள சிறிய ஆணிடம் போகிறது. பெரிய கொடுக்கைப் பார்த்து மயங்குகிறது என்று எழுதுவது சுலபம்; அது நாள்காட்டியைப் பார்த்தும் தேர்கிறது.

இந்தக் காப்புணர்வைப் பிறர் களவாடவும் முடியும். சாக்குலினா என்பது கொட்டலசு (பார்னக்கிள்) இனத்தைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி. நண்டின் உடலுக்குள் வேர்போலப் படர்ந்து, முட்டைத் திரள் இருக்க வேண்டிய அதே இடத்தில் தன் பையைப் பிதுக்கி நிற்கும். நண்டு அதைத் தன் சினையாக எண்ணி விசிறும், துடைக்கும், உரிய நேரத்தில் மடலை அடித்து ஒட்டுண்ணியின் குஞ்சுகளைத் தண்ணீரில் பரப்பும். ஆண் நண்டில் புகுந்தால் அதன் வயிற்றுமடலைப் பெண்ணைப் போல அகலமாக்கி அதையும் செவிலியாக்கிவிடும். முட்டை இருக்கிறதா என்பதை நண்டு அளப்பது அந்த இடத்தில் ஒரு திரள் தட்டுப்படுகிறதா என்பதை வைத்துத்தான் என்று ஒட்டுண்ணி நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. வாங்குபவர்கள் இந்தப் பையைச் சினை என்று நினைத்துவிடுவதுண்டு. பை வழவழப்பாக ஒரே தோலோடு இருக்கும். முட்டைத் திரள் விரலில் நெரடும்.

கடலை விட்டு உள்ளே வருவோம். ஊசுடு ஏரி, பாகூர் ஏரி ஓரங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தட்டையான பழுப்பு நீர்ப்பூச்சி ஒன்று முதுகு நிறைய முட்டையோடு நீந்தும். சுமப்பது ஆண். முட்டை தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மூச்சின்றிச் சாகும், வெளியே கிடந்தால் காய்ந்து சாகும். அதனால் ஆண் நீர்ப்பரப்புக்கு வந்து முதுகைக் காட்டுவதும், பிறகு உடலை ஏற்றி இறக்கித் தண்ணீரை முட்டைமேல் ஓட்டுவதுமாகவே இருக்கும். இத்தனை பாடு படுவதற்கு முன்னால் அது ஒரு உத்தரவாதம் கேட்கிறது. அமெரிக்காவின் உறவினப் பூச்சி ஒன்றில் 1979இல் கண்டது: ஓரிரு முட்டை வைத்ததும் ஆண் பெண்ணை நிறுத்தி மறுபடி சேர்கிறது, பிறகே அடுத்த முட்டைக்கு முதுகைக் கொடுக்கிறது. ஒரு இணை 36 மணி நேரத்தில் 100 தடவைக்கு மேல் சேர்ந்தது. முந்தைய ஆணின் விந்தைப் பின்தள்ளிவிடுவதால் முதுகில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் அதன் சொந்தக் குஞ்சுதான். ஆண் காக்கும் உயிர்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது: தன் பிள்ளை என்பதை உறுதிசெய்ய வழி இருந்தால்தான் அந்தச் செலவு தாங்கும்.

செங்கல் அடுக்கையோ தேங்காய் மட்டைக் குவியலையோ புரட்டும்போது முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் பூரானைக் காணலாம். முட்டைகளை நக்கிக்கொண்டே இருக்கும். நக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதை ஒரு தடவை கலைத்தால் பல சமயம் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். கொடூரம் போலத் தெரிந்தாலும், காவல் உடைந்த முட்டை எப்படியும் பிழைக்காது, தின்றால் அடுத்த ஈற்றுக்குச் சத்தாவது மிஞ்சும். வயலில் முட்டைப் பையை வாலில் ஒட்டிக்கொண்டு ஓடும் ஓநாய்ச் சிலந்தி இதற்கு நேர்மாறு; பையைப் பிடுங்கினால் தேடி அலையும், அளவில் ஒத்த வேறொரு உருண்டையைக் கொடுத்தால் அதையே ஒட்டிக்கொண்டு போய்விடும்.

காப்பதா விடுவதா என்று முடிவெடுக்க, இதுவரை போட்ட உழைப்பை எண்ணிப் பார்ப்பதா, இனி வரப் போவதை எண்ணிப் பார்ப்பதா என்று கேட்டால் கணக்குப்படி இனி வருவதே முக்கியம். ஆனால் மண்ணில் வளை தோண்டி வெட்டுக்கிளிகளை இழுத்துச் சேமிக்கும் ஒரு குளவியினத்தில் வேறு மாதிரி நடப்பதை 1980இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வளைக்கு இரண்டு குளவிகள் சண்டையிடும்போது, வளைக்குள் மொத்தம் எத்தனை இரை இருக்கிறது என்பதைப் பொறுத்து அவை போராடவில்லை. தான் எத்தனை கொண்டுவந்தோமோ அதைப் பொறுத்தே நெடுநேரம் போராடின. மொத்தத்தை எண்ண இருட்டுக்குள் இறங்க வேண்டும். தான் கொண்டுவந்தது தன் நினைவிலேயே இருக்கிறது. மலிவான அளவுகோல் கொஞ்சம் பிசகினாலும் போதும் என்று இயற்கை விட்டிருக்கிறது.

அளவுகோல் நுட்பமாக இருக்கும் உயிரைப் பார்க்க வேண்டுமானால் நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கக் கரும்புத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கரும்பின் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி இலையில் வைக்கும் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறப்பதற்குப் பதில் குளவி பிறக்கும். இந்தக் குளவியை அரிசி அந்துப்பூச்சி முட்டைகளுக்குள் வளர்த்து, அந்த முட்டைகள் ஒட்டிய அட்டையாக வயலில் விடுகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 2.5 சிசி (முட்டையின் கன அளவு), நான்காம் மாதத்திலிருந்து 15 நாள் இடைவெளியில் ஆறு தடவை. ஒரு சிசி அட்டையில் ஏறத்தாழ 16,000 முதல் 20,000 வரை அரிசி அந்துப்பூச்சி முட்டைகள் இருக்கும்.

குளவி முட்டையைக் கண்டுபிடிப்பது அந்துப்பூச்சி உதிர்த்த செதிளின் வாசனையை வைத்து. செதிள் பட்ட இடத்தில் நடை குறையும், சுற்றிச்சுற்றித் திரும்பும். முட்டைமேல் ஏறியதும் உணர்கொம்பால் தட்டிக்கொண்டே குறுக்கே நடக்கும். அந்த முதல் நடை எத்தனை நேரம் எடுக்கிறது என்பதுதான் முட்டையின் பருமனுக்கு அளவு. பெரிய முட்டை என்றால் பல முட்டை வைக்கும், அரிசி அந்துப்பூச்சி முட்டை போலச் சின்னது என்றால் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அடுத்து முட்டை ஊசியை உள்ளே செலுத்திச் சோதிக்கும். உள்ளே புழு நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாலோ, வேறொரு குளவி ஏற்கெனவே வைத்திருந்தாலோ பல சமயம் விலகிவிடும். கடைசி முடிவு, பிள்ளை ஆணா பெண்ணா என்பது: சேமித்த விந்தைத் திறந்துவிட்டால் மகள், மூடிவைத்தால் மகன். உடன்பிறந்தவர்களே பிறந்த இடத்தில் சேர்ந்துகொள்ளும் இனம் என்பதால் மகன் கொஞ்சம் போதும். பக்கத்தில் வேறு தாய்களும் முட்டை வைக்கிறார்கள் என்றால் மகன்களின் பங்கைக் கூட்டும். இந்தக் கணக்கை பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டன் 1967இல் எழுதிக் காட்டினார். டிரைக்கோகிரம்மாவின் சில வகைகளில் ஓல்பாக்கியா என்னும் பாக்டீரியா குடியிருந்து, ஆணோடு சேராத தாய்க்கும் மகள்களே பிறக்கச் செய்துவிடும்; அங்கே முடிவு தாயுடையதே அல்ல.

அட்டை தயாரிப்பில் தவறு நேர்வது ஏன் என்பதை இந்த அளவுகோல்களே விளக்கிவிடும். அரிசி அந்துப்பூச்சி முட்டையைப் புறஊதா விளக்கில் வைத்து உள்கருவைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பொரியும் புழு மற்ற முட்டைகளைத் தின்றுவிடும். பழைய முட்டையைக் கொடுத்தால் குளவி சோதித்துவிட்டு விலகிவிடும். குளவி வெளிவரப் போகும் தாய் அட்டைக்கும் புது முட்டைக்கும் விகிதம் 1:6 என்று வைப்பார்கள். புது முட்டையைக் குறைத்தால், கிடைத்ததிலேயே பல குளவிகள் மேலுக்கு மேல் வைத்துவிடும். ஒரு சின்ன முட்டைக்குள் இரண்டு மூன்று வளர்ந்தால் பிறப்பவை குட்டையாகவும் இறக்கை கோணியும் இருக்கும், ஆண்களும் கூடும். தலைமுறை தலைமுறையாகச் சின்ன முட்டையிலேயே வளர்த்தால் குளவியின் உடலும் சின்னதாகவே நிற்கும், தேடும் வலு குறையும். வைத்த முட்டை மூன்று நான்கு நாளில் கறுக்கும். கறுக்காத முட்டை அதிகம் இருந்தால் அந்த அட்டையை வாங்காதீர்கள்.

வயலில் அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குளவி வெளிவருவதற்கு முந்தைய நாள், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் குத்த வேண்டும். மேல்பக்கம் குத்தினால் மழையும் வெயிலும் தீர்த்துவிடும். இரண்டு நாள் தாமதித்தால் எறும்பு தின்றுவிடும். முன்னும் பின்னும் பூச்சிமருந்து அடித்த வயலில் விட்டால் காசு மண்ணோடு போனது. துண்டு ஒன்றைச் சோதனைக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்து, வெளிவந்தவற்றைக் கைவில்லையில் பார்ப்பது நல்லது. ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர் இருக்கும், பெண்ணுக்கு நுனி குண்டாக இருக்கும். ஆண்கள் பாதியைத் தாண்டினால் அந்த வளர்ப்பில் நெரிசல் அதிகமாகிவிட்டது அல்லது பெண்கள் சேர்க்கையில்லாமல் முட்டை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டில் எது என்றாலும் வேறு இடத்திலிருந்து புதிய தாய் அட்டை வாங்கி வளர்ப்பை முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.